நெல்லைச் சீமையில் அபத்தப் புகைப்படம் எடுக்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு தேரிக்காடு. செம்மணல் மேட்டில் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆளுக்கொரு வாழையிலைத் துண்டு கையில் இருக்கிறது. சாயங்காலம் அல்வாக் கடை முன்னால் நிற்பதைப் போலவே முன்னால் இருப்பவரை முட்டிக்கொண்டும், எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டும் நிற்கிறார்கள். வரிசையின் முனையில் கடை இல்லை. வெறும் மணல்தான்.

ஆளையும் பொருளையும் பொருந்தாத இடத்தில் நிறுத்தி இப்படி ஒரு அபத்தப் புகைப்படம் எடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தோன்றியதற்கும் எடுத்து முடித்ததற்கும் இடையில் எந்த அலுவலகத்துக்குப் போவது, யாரிடம் எழுதிக் கொடுப்பது, ஊர்க்காரர்களிடம் என்ன சொல்வது என்று சொல்லித்தர ஆளில்லாமல் நான் போதுமான அளவு அலைந்துவிட்டேன். கல்யாண ஆல்பம் எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. மாப்பிள்ளையும் பெண்ணும் மணல்மேட்டில் ஓடினால் ஊருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. பத்துப் பேர் இலையோடு சும்மா நின்றால்தான் “என்ன தம்பி, யார் நீங்கள், எந்தக் கட்சி?” என்று கேள்வி வருகிறது.

எனக்குத் தெரிந்தவரை இந்த வேலை கற்பனைக் குறைவால் கெட்டுப்போவது அபூர்வம். கடிதம் கொடுக்காததாலும், கூலியைப் பேசிக்கொள்ளாததாலும், வெயில் ஏறிவிட்டதாலும்தான் கெட்டுப்போகிறது. படத்தின் சட்டகத்துக்குள் (ஃபிரேமுக்குள்) எவ்வளவு கிறுக்கு வேண்டுமானாலும் இருக்கட்டும். அதற்கு வெளியே ஒரு கணக்கப்பிள்ளையின் ஒழுங்கு வேண்டும்.

1. படத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், பிறகு வரையுங்கள்

“வறண்ட குளத்தின் நடுவில் சலூன் நாற்காலி, அதில் ஒருவர் துண்டு போர்த்தி உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார்.” இவ்வளவுதான். ஒரு வாக்கியத்தில் அடங்கவில்லை என்றால் அந்தப் படத்தை இப்போதைக்கு ஒத்திவையுங்கள்.

இந்த வாக்கியத்தில் தப்பாக இருப்பது இடம் மட்டும். நாற்காலி நிஜ சலூன் நாற்காலி. துண்டு நிஜத் துண்டு. அவர் உட்கார்ந்திருக்கும் தோரணையும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடிவெட்டக் காத்திருப்பவரின் தோரணைதான். புதிதாக வருபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அவர் முகத்தில் முகமூடி மாட்டி, தலையில் பூசணிக்காய் வைத்து, பக்கத்தில் ஒரு பொம்மை யானையையும் நிறுத்திவிடுகிறார்கள். பொருட்காட்சித் திடல்போல ஆகிவிடுகிறது. ஒரு படத்தில் ஒரு தப்பு போதும். மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போதுதான் அந்த ஒன்று உறுத்தும்.

அமெரிக்காவில் ரால்ஃப் யூஜின் மீட்யார்ட் என்று ஒருவர் இருந்தார். கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில் மூக்குக் கண்ணாடி செய்து பிழைத்தவர். வார விடுமுறைகளில் மனைவி மக்களையும் நண்பர்களையும் பாழடைந்த வீட்டுக்கோ தோட்டத்துக்கோ கூட்டிப்போய், கடையில் வாங்கிய ரப்பர் முகமூடியை மாட்டிவிட்டுப் படம் எடுத்தார். முகமூடியைத் தவிர எல்லாம் சாதாரணக் குடும்பப் படம்தான். கை தொங்கும் விதமும் நிற்கும் விதமும் அப்படியே. ஒரு முகமூடியை வைத்து இவ்வளவு செய்யலாம் என்றால் நமக்கு லட்சக்கணக்கில் செலவு தேவையில்லை.

வாக்கியம் முடிந்ததும் பென்சிலால் ஒரு ஓவியம் போட்டுக்கொள்ளுங்கள். குச்சி மனிதர்கள் போதும். இது உங்களுக்காக அல்ல. கடிதத்தோடு இணைக்கவும், ஊர்ப் பெரியவரிடம் காட்டவும், நடிக்க வருபவர்களுக்கு விளக்கவும் இதைவிட நல்ல கருவி கிடையாது. அரை மணி நேரம் வாயால் சொல்லிப் புரியாதது அந்தத் தாளைப் பார்த்ததும் புரிந்துவிடும். பெரும்பாலும் ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும். சிரித்தவர் இடம் கொடுத்துவிடுவார்.

2. எதைத் தொடக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்

மரபை மீறுவது வேறு, அடுத்தவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வது வேறு. கலைக்குத் தடை போடும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் கீழே உள்ளவை நம் பக்கத்தில் படத்தையும் ஆளையும் சேர்த்து மாட்டிவிடுபவை.

நிறச் சேர்க்கை. இதை வெளியூர்க்காரர்கள் நம்பவே மாட்டார்கள். நெல்லைச் சீமையில் சில நிறங்களை அடுத்தடுத்துப் பூசினால் அது ஒரு சாதியின் அடையாளமாகிவிடும். கம்பத்தில், பஸ் நிறுத்தச் சுவரில், பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றில்கூட அப்படித்தான். நீங்கள் அழகுக்காக ஒரு பெஞ்சுக்கு இரண்டு பட்டையாக வண்ணம் அடித்துக் கொண்டுபோய் ஒரு தெருமுனையில் போட்டால், பத்து நிமிடத்தில் அது யார் பெஞ்சு என்று இரண்டு கூட்டம் கூடும். வண்ணம் பூசும் பொருள் எதுவானாலும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். ஒற்றை நிறமாக விட்டுவிடுவது இன்னும் நல்லது.

அரிவாள். திருநெல்வேலி என்றாலே அரிவாள் என்று சினிமா பழக்கிவைத்திருப்பதால் அதைக் கேலி செய்யும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அட்டையில் செய்து வெள்ளிக் காகிதம் ஒட்டியதாக இருந்தாலும் வண்டியில் நீட்டிக்கொண்டு போகாதீர்கள். சோதனைச் சாவடியில் நிற்கும் ஏட்டையாவுக்குத் தூரத்தில் இருந்து அட்டை தெரியாது. சலித்துப்போன படம் என்பதும் ஒரு காரணம்.

போலீஸ், ராணுவ உடுப்பு. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று நீங்கள் விளக்க வேண்டிய நிலை வரும். விளக்கும் இடம் காவல் நிலையமாக இருக்கும். தேசியக் கொடியை உடையாகவோ திரையாகவோ பயன்படுத்தினால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

பாடை. வெறும் மூங்கில் பாடையைச் சுமந்து நான்கு பேர் வயலில் நடப்பது பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் எதிரே வரும் கிழவிக்கு அது படம் அல்ல. ஊருக்குள் வேண்டாம்.

உயிர்கள். ஜோசியக்காரரிடமிருந்து கிளியைக் கடன் வாங்காதீர்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மயிலைத் துரத்திப் படத்துக்குள் கொண்டுவருவதும் அப்படித்தான். கூந்தன்குளத்தில் பறவைகள் கூடுகட்டியிருக்கும் மாதங்களில் ஃப்ளாஷும் ட்ரோனும் வேண்டவே வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை.

குலசேகரன்பட்டினம் தசராவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காளி, குறத்தி, குரங்கு, ராஜா, போலீஸ் என்று ஆயிரக்கணக்கானோர் வேடமிட்டுத் தெருவில் நடக்கிறார்கள். அபத்தப் படக்காரனின் கண்ணுக்கு அது தயாராகப் போட்டுவைத்த அரங்குபோலத் தெரியும். ஆனால் வேடம் கட்டியவர் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, நாள்கணக்கில் விரதம் இருந்து, காணிக்கை பிரித்துக்கொண்டு போகிறவர். அவரை நிறுத்தி “அண்ணாச்சி, இந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் நில்லுங்கள்” என்று சொல்வது மரியாதை இல்லை. நடப்பதை நடக்கிறபடி எடுங்கள். ஆளையும் பொருளையும் நிறுத்தி எடுக்கும் உங்கள் அமைப்புப் படத்துக்கு வேறு நாள், வேறு ஆள்.

யாரைக் கேலி செய்கிறோம் என்று சந்தேகம் வந்தால் உங்களையே சட்டகத்துக்குள் நிறுத்திப் பாருங்கள். பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்களின் பிம்பங்களை மறு உருவாக்கம் செய்தபோது, அத்தனை வேடத்தையும் தானே கட்டினார். அதனால்தான் அந்தக் கேலி பிம்பத்தின்மேல் விழுகிறது. எந்தப் பெண்ணின்மேலும் விழவில்லை.

3. இடம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

பழைய நெல்லை மாவட்டம் இப்போது மூன்று. தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் பிரிந்தன. பேச்சில் எல்லாம் “திருநெல்வேலிப் பக்கம்தான்”. ஆனால் மனு கொடுக்கும்போது மாவட்டம் மாறினால் உங்கள் தாள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய் வருவதற்குள் குளத்தில் தண்ணீர் வந்துவிடும். தேரியும் உப்பளமும் குலசையும் தூத்துக்குடி மாவட்டம். குற்றாலமும் பாவூர்ச்சத்திரமும் தென்காசி.

தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே எண்) கொடுத்தால் பட்டாவும், நிலம் எந்த வகை என்று சொல்லும் அ-பதிவேடும் பார்க்கலாம். காசு கிடையாது. புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். காலை வேளையில் போனால் ஆள் கிடைப்பார். பார்த்த பிறகு இடம் கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும்.

பட்டா நிலம் என்றால் உரிமையாளர் சம்மதம் போதும். இதுதான் ஆக எளிது. முதல் படத்துக்கு இதையே தேடுங்கள் என்பது என் வற்புறுத்தல்.

குளம், ஓடை, புறம்போக்கு என்றால் ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கடிதம் கொடுக்க வேண்டும். பெரிய குளங்கள் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கும்.

தேரிக்காட்டில் குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. வேலி இல்லாததால் பொது இடம் என்று நினைத்து வண்டியை உள்ளே விடுகிறார்கள். வனக்காவலர் வந்து கேமராவை வாங்கி வைத்துக்கொண்டால் யாரும் உதவ முடியாது. தேரியின் ஓரத்தில் பனையும் கொல்லாமரமும் (முந்திரி) நிற்கும் பட்டா நிலங்கள் உண்டு. மண் அதே சிவப்புதான். படத்தில் வித்தியாசம் தெரியாது.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் என்றால் மாஞ்சோலை, பாபநாசம் பக்கத்துக்கு அம்பாசமுத்திரத்திலும், களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கத்துக்குக் களக்காட்டிலும் உள்ள துணை இயக்குநர் அலுவலகங்களைக் கேட்க வேண்டும். பொருளையும் கூட்டத்தையும் ஏற்றிக்கொண்டு போய் அமைப்புப் படம் எடுப்பதற்கு அனுமதி கிடைப்பது கடினம். அந்த ஆசையை விட்டுவிடுவதே நேர மிச்சம்.

கோயிலுக்குள் வேண்டாம். தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியே கொண்டுபோகக் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. ரயில் பாதையும் வேண்டாம். தண்டவாளத்தில் அத்துமீறினால் ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தைவிட அங்கே பெரிய ஆபத்து ரயில்தான்.

ட்ரோன் வைத்திருப்பவர்கள் அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதள வரைபடத்தைப் பார்த்து, முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் மட்டும், 400 அடிக்குள் பறக்கவிடுங்கள். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், வாகைக்குளம் விமான நிலையம் என்று தவிர்க்க வேண்டிய இடங்கள் நம் பக்கத்தில் நெருக்கமாக இருக்கின்றன. தரையில் நின்றே எடுங்கள் என்பேன். அபத்தம் கண் மட்டத்தில்தான் நன்றாக வேலை செய்கிறது.

4. கடிதம்

உரிமையாளர், ஊராட்சி, காவல் நிலையம் மூன்றுக்கும் ஒரே கடிதம் போதும், பெறுநர் மட்டும் மாறும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. உங்கள் பெயர், முகவரி, கைப்பேசி எண், நாள், தொடங்கும் மணி, முடியும் மணி, இடம், ஆட்களின் எண்ணிக்கை, வண்டியின் பதிவு எண், கொண்டுவரும் பொருள்களின் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். பொருள் பட்டியல் மிக முக்கியம். “வாழையிலை, பிளாஸ்டிக் நாற்காலி 2, ஸ்டாண்டு 1” என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் படிப்பவருக்கு நிம்மதி.

நோக்கம் என்ற இடத்தில் இப்படி எழுதலாம்: “கலைப் புகைப்படத் தொகுப்பு ஒன்றுக்காக, பத்துப் பேர் வரிசையில் நிற்பதுபோல அமைத்து ஒளிப்படம் எடுக்க விரும்புகிறேன். வணிக விளம்பரம், அரசியல், மதம் சார்ந்த நோக்கம் ஏதுமில்லை. பொதுமக்களுக்கு இடையூறின்றி எடுத்து, இடத்தைச் சுத்தம் செய்து கொடுப்பேன் என்று உறுதியளிக்கிறேன்.” அபத்தம், சர்ரியலிசம், மீறல் என்ற சொற்கள் கடிதத்தில் தேவையில்லை. ஆனால் பொய்யும் எழுதக் கூடாது. “கல்லூரி புராஜக்ட்” என்று எழுதிவிட்டு, எந்தக் கல்லூரி என்று கேட்கும்போது விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இணைப்புகள்: ஆதார் நகல், பென்சில் ஓவியத்தின் நகல், பட்டா நிலமானால் உரிமையாளரின் சம்மதக் கடிதம். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். படம் எடுக்கும் நாளுக்குப் பத்து நாளாவது முன்னால் கொடுங்கள். வனத்துறை என்றால் ஒரு மாதம். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போதும், ஊர்க் கொடை (கோயில் திருவிழா) நடக்கும் வாரத்திலும் போகாதீர்கள். அந்த நாட்களில் எல்லோர் கவனமும் வேறு இடத்தில் இருக்கும்.

பணம் கேட்பவர்கள் வருவார்கள். ஊர்க் கமிட்டிக்கு நன்கொடை என்று கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது வந்தால் கொடுங்கள், அது நியாயமான காசு. ரசீது இல்லை என்றால் முத்திரை குத்திய கடிதத்தைக் காட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். நீங்கள் பாதையை மறித்து நின்றால் மட்டும் உங்கள் கடிதம் உதவாது. பொது வழியை அடைப்பதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

5. மாதமும் மணியும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. எதையும் உறுதியாகத் திட்டமிட முடியாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை தேரிக்கு நல்ல காலம். வறண்ட குளம் வேண்டுமென்றால் மே மாதத்துக்கு மேல் பாருங்கள். ஆனி, ஆடியில் காற்று. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைப் பின்னால் வைத்து எடுக்க அதுதான் சரியான பருவம். ஆனால் அட்டையிலும் தெர்மகோலிலும் செய்த பொருளெல்லாம் பறந்துவிடும். அதே காற்றில் தேரிக்குப் போனால் மணல் கேமராவுக்குள் போகும். உப்பளத்தில் ஜனவரி முதல் செப்டம்பர் வரை வேலை நடக்கும். உப்பு அம்பாரம் பெரிதாக நிற்பது பிந்திய மாதங்களில்.

நம் பக்கத்தில் சூரியன் ஜனவரியில் ஆறேமுக்காலுக்குச் சற்று முன்பும், ஜூனில் ஆறு மணியளவிலும் உதிக்கிறது. உதித்த பிறகு ஒன்றரை மணி நேரம்தான் உங்களுடையது. பத்து மணிக்கு மேல் தேரி மணலில் வெறுங்காலோடு யாரையும் நிறுத்த முடியாது. மாலை வெளிச்சமும் அழகுதான். ஆனால் மாலையில் வேடிக்கை பார்க்க ஊரே வந்துவிடும்.

6. பொருள்கள்

வாங்குவதைவிட வாடகை. பந்தல், பாத்திர வாடகைக் கடையில் நாற்காலி, மேசை, அண்டா, சீரியல் விளக்கு எல்லாம் கிடைக்கும். முன்பணம் கட்டும்போது ஏற்கெனவே உடைந்திருப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், திருப்பும்போது வழக்கு வராது. சலூன் நாற்காலி, பழைய தையல் மிஷின், கதவு, ஜன்னல் போன்றவை பழைய இரும்பு, மரச்சாமான் கடைகளில் கிடைக்கும். ஜவுளிக் கடையில் மூக்கு உடைந்த பொம்மை மூலையில் கிடந்தால் கேட்டுப் பாருங்கள். கொடுத்துவிடுவார்கள், சில நேரம் நன்றியோடு.

மகுடம், சடைமுடி, முகமூடி எல்லாம் குலசை, உடன்குடிப் பக்கம் தசரா முடிந்த பிறகு போய்க் கேட்பது நல்லது. புரட்டாசியில் செய்பவர்களுக்குத் தலைநிமிர நேரமிருக்காது. காருகுறிச்சியில் பானையோ, பத்தமடையில் பாயோ வழக்கமில்லாத அளவில் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னால் சொல்லிவையுங்கள். ஆள் உயரப் பானை எதற்கு என்று கேட்பார்கள். ஓவியத்தைக் காட்டுங்கள். அளவு சொல்லிச் செய்யவைக்கும்போது பேரம் பேசாதீர்கள். கௌரி கில் என்ற புகைப்படக் கலைஞர் 2015 முதல் மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹார் பகுதியில் காகிதக்கூழ் முகமூடி செய்யும் உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து ஒரு தொகுப்பு செய்துவருகிறார். முகமூடி அணிந்தவர்கள் கடையிலும் மருத்துவமனையிலும் அன்றாட வேலை செய்கிறார்கள். செய்தவரும் கலைஞர் என்ற மதிப்போடு தொடங்கியதால்தான் அந்தப் படங்கள் அப்படி அமைந்தன.

7. ஆட்கள், சம்மதம், கூலி

நண்பர்களைக் கூட்டிப்போனால் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். உள்ளூரில் அந்த வேலையையே செய்பவர்களைக் கூப்பிடுங்கள். அல்வா வரிசைக்கு, ஆயுசில் பாதியை வரிசையில் கழித்த ரேஷன் கார்டு அக்காமார்களைவிடத் தேர்ந்த நடிகர்கள் கிடையாது. நான் பார்த்ததில் ஒரு அக்கா, யாரும் சொல்லாமலே, இலையைப் பின்னால் மடித்துவைத்துக்கொண்டு இடது தோளை முன்னால் கொடுத்து, அடுத்தவர் நுழையாதபடி நின்றார். அந்தத் தோளில்தான் படமே இருக்கிறது. எந்த இயக்குநராலும் அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஊரில் அன்றைய கூலி என்னவோ அதற்குக் குறையாமல் கொடுங்கள். அரை நாள் வேலையானாலும் முழுக்கூலி. அவர்களுக்கு அன்றைய வேலை போய்விடுகிறது. படம் எடுத்து முடித்த இடத்திலேயே கையில் கொடுங்கள், “அனுப்பிவைக்கிறேன்” வேண்டாம்.

சம்மதப் படிவம் தமிழில் அரைப்பக்கம். வெள்ளைத்தாள் போதும். பெயர், ஊர், என்ன படம், எங்கே காட்டப்படும் (கண்காட்சி, இணையம், புத்தகம், போட்டி), பெற்ற தொகை, கையெழுத்து அல்லது கைரேகை, தேதி. படித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள். கையெழுத்துக்கு முன்னால் கூலியைக் கொடுக்காதீர்கள், கூலிக்காகத்தான் கையெழுத்து என்ற எண்ணமும் வரவிடாதீர்கள். இதில் ஒரு நெருடல் இருக்கிறது, தவிர்க்க வழி தெரியவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், பெற்றோரும் உடன் இருக்க வேண்டும். இணையத்தில் வந்த பிறகு “எடுத்துவிடுங்கள்” என்று ஒருவர் சொன்னால் எடுத்துவிடுங்கள். படிவத்தைக் காட்டி வாதாடினால் அந்த ஊருக்கு நீங்கள் மறுபடி போக முடியாது.

8. படம் எடுக்கும் காலை

முந்தைய நாளே அதே மணிக்குப் போய் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். ஸ்டாண்டின் மூன்று காலும் நிற்கும் இடத்தில் குச்சி அடித்துவையுங்கள்.

தேரியில்: வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விட்டால் கேமரா அந்தச் சிவப்பைக் குற்றமாக நினைத்து வெளுத்துவிடும். 5,200 முதல் 5,500 கெல்வினுக்குள் நிலையாக வையுங்கள். மணலில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தின் கீழ்ப்பகுதியைச் செங்கல் நிறமாக்கும். சட்டகத்துக்கு வெளியே, ஆட்களின் காலடிக்கு முன்னால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் பாதி சரியாகிவிடும். லென்ஸ் மாற்றாதீர்கள், ஒரே லென்ஸோடு போங்கள். காலடித் தடம் அழியாது. எனவே ஆட்களைப் படத்தில் தெரியாத பக்கமிருந்து சுற்றி வரச் சொல்லுங்கள்.

உப்பளத்தில்: வெள்ளை அதிகமாக இருப்பதால் கேமரா இருட்டாக எடுக்கும். ஒளி அளவை ஒரு ஸ்டாப் முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி). வரப்பில் மட்டும் நடக்க வேண்டும். பாத்திக்குள் கால் வைத்தால் அந்தப் பாத்தியின் உப்பு அழுக்காகிவிடும், அது ஒருவர் உழைப்பு. உப்பளத் தொழிலாளர்கள் இருட்டோடு வந்து வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பவர்கள், அவர்கள் போகும் பாதையில் ஸ்டாண்டை ஊன்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்டாண்டின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் துரு.

எங்கே எடுத்தாலும் முதலில் ஆள் இல்லாத வெற்றுச் சட்டகம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ், ஒளி அளவு எல்லாவற்றையும் கைமுறையில் பூட்டிவிட்டு, லென்ஸ் துளையை எஃப் 8 அல்லது 11இல் வைத்து எடுத்தால் முன்வரிசையும் கடைசி வரிசையும் தெளிவாக வரும். பிறகு ஏதாவது குச்சியை, கயிற்றை அழிக்க வேண்டியிருந்தால் அந்த வெற்றுச் சட்டகம்தான் கைகொடுக்கும்.

பொறுமை வேண்டும். 1948இல் புகைப்படக் கலைஞர் ஃபிலிப் ஹால்ஸ்மன், ஓவியர் டாலியை அந்தரத்தில் குதிக்கவைத்து, பூனைகளும் தண்ணீரும் பறக்கும் ஒரு படம் எடுத்தார். சரியாக அமைய இருபதுக்கும் மேற்பட்ட முறை எல்லாவற்றையும் மறுபடி வீச வேண்டியிருந்தது. நமக்குப் பூனை வேண்டாம். ஆனால் முதல் பத்துப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்ப்பார்கள், அடுத்த பத்தில் சலித்துப்போவார்கள், அதற்குப் பிறகுதான் நிஜமாகவே அல்வாவுக்குக் காத்திருப்பவர்கள்போல நிற்பார்கள். அதற்காகக் காத்திருங்கள். “சிரியுங்கள்” என்றோ “சோகமாக இருங்கள்” என்றோ சொல்லாதீர்கள்.

தண்ணீருக்குள் எடுப்பதானால் ஒன்று. தாமிரபரணி மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். சேலையோ வேட்டியோ சுற்றிக்கொண்டு யாரையும் இடுப்பளவுக்கு மேல் இறக்காதீர்கள். அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று படித்துறையில் குளிப்பவர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

9. செலவு

பாளையங்கோட்டையிலிருந்து தேரி ஓரம் வரை போய், பத்துப் பேரை வைத்து ஒரு காலை வேளையில் எடுக்க என் கணக்குப் புத்தகத்தில் இருப்பது இது: லோடு ஆட்டோ டீசலோடு 2,500 ரூபாய். கூலி தலைக்கு 600 வீதம் 6,000. காலை இட்லியும் மதியச் சாப்பாடும் தண்ணீரும் 14 பேருக்கு 2,100. இலை, வாடகைச் சாமான் 1,500. நகல், அலுவலகத்துக்குப் போய்வரும் பஸ் செலவு 300. மொத்தம் 12,400. இதில் எதுவும் கேமராச் செலவு அல்ல என்பதைக் கவனியுங்கள். கையில் இன்னும் 1,000 ரூபாய் தனியாக இருக்கட்டும், பஞ்சருக்கோ இன்னொரு கட்டு இலைக்கோ ஆகும். பணம் குறைவென்றால் ஆட்களைக் குறையுங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். ஒற்றை ஆள் படமென்றால் 3,000க்குள் முடித்துவிடலாம்.

10. எடுத்த பிறகு

ரா கோப்புகளை (கேமரா பதிவு செய்யும் மூலக் கோப்புகளை) அழிக்காதீர்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். வெற்றுச் சட்டகமும், நீங்கள் வேலை செய்வதை உதவியாளர் கைப்பேசியில் எடுத்த படங்களும் சேர்ந்தே இருக்கட்டும். இப்போது விநோதமாக எதைப் பார்த்தாலும் செயற்கை நுண்ணறிவு செய்தது என்று சொல்லிவிடுகிறார்கள். 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதில் பரிசு பெற்ற ஒரு படத்தை, அது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியது என்று சொல்லி, போரிஸ் எல்டாக்சன் பரிசையே மறுத்துவிட்டார். நிஜமாகவே மணலில் நின்று எடுத்தவர்கள் அதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

காப்புரிமை (காப்பிரைட்) நீங்கள் எடுத்தவுடனே உங்களுடையது. வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் செல்லும். ஆனால் வேறொருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், உரிமை அவருக்குப் போய்விடும். இதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் ஒரு கலைப்படைப்புக்கு 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆட்சேபனைக்கு 30 நாள் காத்திருந்த பிறகே பரிசீலனைக்கு எடுப்பார்கள்.

நடித்தவர்களுக்கு ஆளுக்கொரு அச்சுப்படம் ஒரு மாதத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். தபாலில் அனுப்பினால் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. நில உரிமையாளருக்கும் ஒன்று, ஃபிரேம் போட்டு.

போட்டிகளுக்கு அனுப்பும்போது விதிமுறையில் இரண்டை மட்டும் தேடிப் படியுங்கள். ஒன்று நுழைவுக் கட்டணம், அது ஒரு படத்துக்கா தொகுப்புக்கா என்பது. இன்னொன்று, அனுப்பும் படங்களின் முழு உரிமையும் நடத்துபவருக்கு என்ற வரி. இரண்டாவது இருந்தால் பரிசுத்தொகை எவ்வளவாக இருந்தாலும் மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஒற்றைப் படத்தைவிட எட்டுப் பத்துப் படம் கொண்ட தொகுப்புக்குத்தான் கண்காட்சிகளில் இடம் கிடைக்கிறது. 2016 முதல் நடக்கும் சென்னை போட்டோ பியன்னாலே என்ற புகைப்பட விழா போன்றவற்றின் அழைப்புகளைக் கவனித்து வாருங்கள். தொகுப்போடு ஒரு பக்கக் குறிப்பு கேட்பார்கள். அதற்கும் கடிதத்துக்குச் சொன்னதுதான்: என்ன நின்றது, எங்கே நின்றது, யார் நின்றார்கள் என்று எழுதுங்கள். பொருள் விளக்கம் எழுதாதீர்கள்.